மதிலும் வாயிலும்

செஞ்சிக் கோட்டையை நேரில் காணாத மாணவர்கள் இருக்கலாம். அதன் பெயரைக் கேளாதவர்கள் இரார். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் ஒரே மதில் தழுவிச் செல்கிறது. மராத்தியர் காலப் போர்க் கோட்டைகள் பன்னிரண்டினை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ நிறுவனம் 2025-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. அவற்றுள் தமிழ்நாட்டிலிருந்து இடம் பெற்றது இஃது ஒன்றே. அக்கோட்டையின் அடியில் அமைந்த ஊரில் ஆசிரியப் பணி புரிபவன் நான். கிறிஸ்தவ சமயத்தைச் சார்ந்தவன். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது கோட்டையின் வரலாறு அன்று. எனினும் இப்பேச்சின் இடையே அக்கோட்டை தலைகாட்டும்.

நான் விளக்க விரும்பும் பொருள் இது. மக்கள் கூடிப் பாடுவதும், ஆடுவதும், பார்ப்பதும், கேட்பதுமாக ஒரு பொதுக் கலை வாழ்வு நம்மைச் சூழ்ந்துள்ளது. தெருக்கூத்து, கதைப்பாட்டு, நாடகம், திரைப்படம், இப்பொழுது கைக்குள் அடங்கிய செல்பேசி என்று அதன் வடிவங்கள் பல. இக்கலை வாழ்வில் ஒரு கிறிஸ்தவன் எங்ஙனம் கலந்துகொள்வது? முற்றும் விலகி நிற்பதா? முற்றும் கரைந்து போவதா? இரண்டும் அல்லாத வழி ஒன்று உண்டா? இது கிறிஸ்தவர்க்கு மட்டும் உரிய வினா என்று பிற சமயத்து மாணவர்கள் எண்ண வேண்டா. உயிரினும் மேலாக ஒன்றைப் போற்றும் எவரும், ஊரோடு கூடி வாழும் போது, இவ்வினாவைச் சந்தித்தே தீர வேண்டும்.

முதலில் எங்கள் வட்டாரத்தின் கலைச் செல்வத்தைச் சிறிது அறிந்துகொள்ளுங்கள். செஞ்சியும் அதன் சுற்றுப்புறமும் தெருக்கூத்தின் தாயகங்களுள் ஒன்று. செஞ்சியை அடுத்த மேலச்சேரியில் உள்ள திரௌபதி அம்மன் கோயில் இவ்வழிபாட்டு மரபில் பெருமதிப்புப் பெற்றது. திரௌபதி அம்மன் விழா நாள்களில் பகலில் பாரதச் சொற்பொழிவு நடைபெறும். இரவில் கூத்து நடைபெறும். மிருதங்கமும், தாளமும், முகவீணையும், ஆர்மோனியமும் ஒலிக்க, கட்டியக்காரன் முதலில் தோன்றிச் சபையைச் சிரிக்கவைப்பான். பின்னர்த் திரை விலகும். கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் பூண்ட துரியோதனனும் கர்ணனும் அடவு போட்டு வருவர். விடியும்வரை ஊர் முழுதும் உறங்காது.

கூத்தைப் போலவே தேசிங்குராசன் கதைப்பாட்டும் எங்கள் மண்ணில் பிறந்தது. 1714-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் பெரும்படையை மிகச் சிறிய படையுடன் எதிர்த்துப் போரிட்டு மாண்டான் செஞ்சியின் இளைய தலைவன் தேஜ்சிங். மக்கள் நாவில் அவன் தேசிங்குராசன் ஆனான். அரங்கநாதனிடம் பேரன்பு கொண்டவன் அவன் என்று கதை கூறுகிறது. அவனுடைய உயிர்த்தோழனோ ஓர் இசுலாமியன். தன் திருமணத்தையும் விட்டுப் போர்க்களத்துக்கு ஓடிவந்து தோழனுக்காக உயிர் கொடுத்தவன் என்று அவனைப் பாட்டு போற்றுகிறது. இக்கதை 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்த திரைப்படமாகவும் வந்தது. இந்தக் கதையைக் கேட்டுக் கண் கலங்குவதற்கு எவரும் தம் சமயத்தைச் சொல்ல வேண்டியதில்லை. இந்து, இசுலாமியர், சமணர், கிறிஸ்தவர் யாவரும் இதைக் கேட்டே வளர்கின்றனர். வீரம் யாது, நட்பு யாது என்ற பாடத்தை எங்கள் பிள்ளைகள் பள்ளி நூலில் கற்பதற்கு முன் இப்பாட்டில் கற்றுவிடுகின்றனர்.

ஆகவே, “மக்கள் கலையிலிருந்து விலகி நில்” என்று ஒரு கிறிஸ்தவச் சிறுவனிடம் சொல்வது, “உன் ஊரின் மொழியை மறந்துவிடு” என்று சொல்வதற்கு ஒப்பாகும். மொழி, பாட்டு, கதை, சிரிப்பு ஆகிய இவற்றால் ஆனதே மனித உள்ளம். எனினும் அந்தக் கூத்து விழாவில் கலை மட்டுமா உள்ளது? வழிபாடும் உள்ளது, காப்புக் கட்டுதலும், தீ மிதித்தலும், நேர்த்திக்கடனும் உள்ளன. கலையும் வணக்கமும் பாலும் நீரும் போலக் கலந்திருக்கின்றன. அங்கேதான் சிக்கல் தோன்றுகிறது.

இச்சிக்கல் நேற்றுத் தோன்றியதன்று. 1597-இல் பிமெந்தா என்னும் சேசு சபைக் குரவர் செஞ்சிக்கு வந்தார். அப்போது இங்கு ஆண்டவன் கிருஷ்ணப்ப நாயக்கன். அவன் அவரை நன்கு வரவேற்றான். செஞ்சியின் பெருமையைக் கண்டு வியந்து அவர் எழுதிய மடல் இன்றும் வரலாற்று மாணவர்க்குச் சான்றாக உதவுகிறது. கோபுரமும் அரண்மனையும் விழாவும் நிறைந்த ஒரு நகரில் புதிய சமயம் ஒன்று அடியெடுத்து வைத்தபோதே, “இவற்றுள் எதை ஏற்பது, எதை விடுப்பது?” என்ற வினாவும் உடன் வந்துவிட்டது.

ஒரு நூற்றாண்டு கழிந்தபின், செஞ்சிக்குத் தென்கிழக்கே உள்ள புதுச்சேரியில் அவ்வினா பெரு வழக்காக வெடித்தது. போப்பாண்டவரின் தூதராக வந்த தூர்னோன் என்பவர் 1704-இல் அங்கிருந்து ஓர் ஆணை பிறப்பித்தார். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் கைக்கொண்டிருந்த பல வழக்கங்களை அது தடைசெய்தது. அத்தடைகளுள் ஒன்றை மாணவர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும்: கிறிஸ்தவ இசைக் கலைஞர்கள் பிற சமயக் கோயில் விழாக்களிலும் சடங்குகளிலும் சென்று வாசிக்கலாகாது என்பது அது.

இதனால் யாருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மேளம் கொட்டுதல் அக்காலத்தில் பொழுதுபோக்கு அன்று. ஒரு குடும்பத்தின் சோறு. அது மட்டுமன்று, பறை அறைதல் ஊரார் ஒரு சாதியார்மேல் சுமத்திய கடமையும் ஆகும். மறுத்தால் தண்டனை உண்டு. விரும்பி ஏற்ற கலை ஒரு பாதி. விரும்பாமல் சுமந்த நுகம் மறு பாதி. தடை விதித்தோர் கூறிய நியாயத்தைத் தள்ளிவிட இயலாது: வணக்கத்துக்கென்று வாசிப்பவன் அவ்வணக்கத்தில் பங்கு கொள்கிறான். தடையை எண்ணித் தயங்கியோர் பக்கமும் நியாயம் உண்டு: பசித்த ஏழையை நோக்கி, “உன் தொழிலை விடு” என்று சொல்வது எளிது, அவனுக்கு வேறு தொழில் தருவது அரிது.

அதே ஆணையில் வேறொரு கட்டளையும் இருந்தது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் நோயுற்றுக் கிடந்தால், குருமார் அவர்தம் இல்லத்துக்குள் சென்றே இறுதித் திருவருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்பது அது. சாதி வழக்கத்துக்கு அஞ்சிச் சில குருமார் அவ்வில்லங்களுக்குள் செல்லாதிருந்த காலம் அது. ஊர் வழக்கத்தோடு இணங்கிப் போதல் என்பது பாட்டிலும் உடையிலும் இணங்குதலோடு நிற்பதில்லை. சில வேளைகளில் அநீதியோடு இணங்குதலாகவும் முடிகிறது. ஓர் ஆணை ஒரு வாயிலை அடைத்தது. மற்றொரு வாயிலைத் திறக்கச் சொன்னது. எதை அடைப்பது, எதைத் திறப்பது என்ற அறிவே இங்குத் தேவைப்படுகிறது.

இவ்வழக்கு நெடுங்காலம் நீடித்தது. 1744-இல் போப்பாண்டவர் பதினான்காம் பெனெடிக்ட் தடைகளை உறுதி செய்தார். இவ்வழக்கங்களைப் பற்றிக் குருமார் எடுக்க வேண்டியிருந்த உறுதிமொழியை ரோமாபுரி 1940-இல் நீக்கியது. பின்னர்க் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாளில் இரண்டு ஆவணங்களை வெளியிட்டது. ஒன்று, அந்தந்த நாட்டு மக்களின் இசை மரபுக்கு வழிபாட்டில் உரிய மதிப்பை வழங்கியது. மற்றொன்று, பத்திரிகை, திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றை நன்முறையில் பயன்படுத்துதல் பற்றியது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்த வாதத்தின் பயனாகத் திருச்சபை கற்ற பாடம் இது என்று கொள்ளலாம்: கலை பகையன்று, ஆயினும் அது ஆராயாமல் ஏற்கத்தக்கதும் அன்று.

ஆணைகள் ஒருபுறம் இருக்க, புலவர்கள் என்ன செய்தனர்? இத்தாலி நாட்டில் 1680-இல் பிறந்து தமிழ்நாட்டுக்கு வந்த வீரமாமுனிவர், தமிழ்க் காப்பிய மரபைக் கற்றுச் சூசையப்பரின் வாழ்வைத் தேம்பாவணி என்னும் பெருங்காப்பியமாகப் பாடினார். அது 3,615 பாடல்கள் கொண்டது. அதே கையால் பரமார்த்த குரு கதையையும் எழுதினார். காப்பியம் கற்றோர்க்கு, மட்டிச் சீடர்களின் கதையோ தமிழ்ச் சிறுவர் அனைவர்க்கும். சிரிக்கவைப்பது தம் துறவுக்கு இழுக்கு என்று அவர் கருதவில்லை.

அவருக்குப் பின் தஞ்சையில் வாழ்ந்தவர் வேதநாயக சாஸ்திரியார். 1774-இல் பிறந்து 1864-இல் மறைந்தவர். சுவார்ட்ஸ் ஐயரிடம் கல்வி பயின்றவர். சரபோஜி மன்னரின் மதிப்பைப் பெற்றவர். அக்காலத்து மக்கள் மிக விரும்பிய நாடக வடிவம் குறவஞ்சி. தலைவன் உலா வருவான்; தலைவி கண்டு காதல் கொள்வாள்; குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்வாள்; சிங்கன் பறவைக்கு வலை விரிப்பான். காதலும் நகைச்சுவையும் கலந்த இவ்வடிவத்தைச் சாஸ்திரியார் ஒதுக்கவில்லை. அப்படியே படியெடுக்கவும் இல்லை. அவர் பாடிய பெத்லகேம் குறவஞ்சியில் தலைவன் கிறிஸ்து, தலைவி திருச்சபை, குறி சொல்லும் குறத்தி விசுவாசம். பறவைக்கு விரித்த வலை, மனிதரைத் தேடும் போதகரின் வலையாயிற்று. சூரியனைப் பூமி சுற்றி வருகிறது என்ற புதிய வானநூல் அறிவையும், உலக நாடுகளைப் பற்றிய பூகோள அறிவையும் அக்குறவஞ்சிக்குள்ளேயே அவர் அமைத்தார். பழைய பாத்திரத்தில் புதிய நீர் ஊற்றுவோர் பலர். பாத்திரத்தின் வடிவழகை உணர்ந்து, அதற்கேற்ப நீரையும் தெளிவித்து ஊற்றியவர் அவர்.

ஆயினும் சாஸ்திரியார் வாழ்விலும் நாம் ஆராய வேண்டிய ஒன்று உண்டு. 1820-களில் தஞ்சைக்கு வந்த புதிய பாதிரிமார் சிலர் தமிழ்ப் பாடல் முறைகளையும் சபை வழக்கங்களையும் மாற்ற முற்பட்டனர். சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார். தமிழ் இசைக்காக அவர் வாதாடியது நமக்கு உவப்பளிக்கிறது. ஆனால் அதே வாதத்தில், சபைக்குள் சாதி வேற்றுமை நிலைத்திருக்க வேண்டும் என்றும் அவர் வாதாடினார். பாட்டையும் சாதியையும் “நம் நாட்டு வழக்கம்” என்ற ஒரே மூட்டையில் கட்டிவைத்தார். இன்று நாம் அம்மூட்டையை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். குறவஞ்சியை வைத்துக்கொள்வோம்; சாதியை வெளியே எறிவோம். பெரியோர் ஒருவர் ஒன்றில் சரியாக இருந்தமையால் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்று கொள்ளுதல் நன்றியாகாது; அது சோம்பலே ஆகும்.

இந்த இடத்தில் அண்மைக் காலத்தவர் ஒருவரை நினைவுகூர விரும்புகிறேன். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக விளங்கிய தியாபிலஸ் அப்பாவு, 1940-இல் பிறந்து 2005-இல் மறைந்தார். ‘பரட்டை’ என்ற பெயரால் அன்புடன் அழைக்கப்பட்டவர். தமிழ்க் கிறிஸ்தவர் தமிழ் இசையில் பாடுகிறோம் என்று பெருமை கொண்டிருந்தபோது, “எந்தத் தமிழரின் இசையில்?” என்ற வினாவை அவர் எழுப்பினார். கருநாடக இசைக் கீர்த்தனை வழிபாட்டில் இடம் பெற்றுவிட்டது. உழைக்கும் ஏழையின் நாட்டுப்புற மெட்டும் பறையும் ஆலயத்துக்கு வெளியே நின்றன. ஆகவே அவர் வயல்வெளி மெட்டுகளில் வழிபாட்டுப் பாடல்களை அமைத்தார். 1704-ஆம் ஆண்டின் ஆணையையும் அப்பாவு ஐயாவின் பணியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அன்று ‘எங்கே கொட்டலாகாது’ என்ற சட்டம் பறையைப் பின்தொடர்ந்தது. இன்று அதே பறை, அதனைச் சுமந்த மக்களின் மாண்பை அறிவிக்க, தன் விருப்பத்தோடு ஆலயத்துக்குள் நுழைகிறது. தோலும் கட்டையும் மாறவில்லை. கொட்டுபவனின் விடுதலையே மாறியது.

கொடுத்தலும் கொள்ளுதலும் ஒரு திசையில் மட்டும் நிகழ்ந்தன அல்ல. கத்தோலிக்க மக்கள் நாடகமாக ஆடி வந்த ஞானசௌந்தரி கதை, 1948-இல் இரண்டு படக் கம்பெனிகளால் ஒரே ஆண்டில் திரைப்படமாக எடுக்கப்பட்டது. அவற்றுள் சிட்டாடல் நிறுவனத்தாரின் படம் பெருவெற்றி கண்டது. சிற்றன்னையின் கொடுமைக்கு ஆளாகித் தன் கைகளை இழந்த அப்பெண்ணுக்காக எல்லாச் சமயத்துத் தாய்மாரும் கண்ணீர் விட்டனர். நவாப் இராஜமாணிக்கம் பிள்ளை என்னும் நாடகப் பேராசான் இராமாயணமும் குமார விஜயமும் நடத்திய அதே மேடையில் ‘ஏசுநாதர்’ நாடகத்தையும் நடத்தினார். கடல் கடந்த ஈழத்திலோ, யாழ்ப்பாணம், மன்னார்க் கரைகளில் வாழும் கத்தோலிக்கர் தெருக்கூத்துக்கு உறவான நாட்டுக்கூத்தில் புனிதர்களின் வரலாறுகளை ஆடி வருகின்றனர். 1965-இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய திருமறைக் கலாமன்றம் அம்மரபை மேடையில் வளர்த்தது. தன் வீட்டுக் கதையைப் பிறர் மதித்துக் கேட்க வேண்டும் என்று விரும்புபவன், பிறர் வீட்டுக் கதையையும் மதித்துக் கேட்கக் கடமைப்பட்டவன் அல்லனோ?

இனி, முடிவு செய்வதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். கிறிஸ்தவ சமயத்தின் தொடக்க நாள்களிலேயே அதனை ஆய்ந்தவர் பவுல். கொரிந்து நகரின் கடைத்தெருவில் விற்கும் இறைச்சி பல வேளைகளில் கோயிலில் படைக்கப்பட்டதாக இருக்கும். அதை உண்ணலாமா என்று கிறிஸ்தவர் கேட்டனர். பவுல் ஒரே சொல்லில் விடை கூறவில்லை. மூன்று கூறாகப் பிரித்துக் கூறினார். உணவு உணவே, கடையில் விற்பதை வாங்கி உண்பதில் குற்றமில்லை. ஆனால் அக்கோயிலின் படையல் பந்தியிலே அமர்ந்து பங்கு கொள்ளுதல் வேறு, அது வணக்கம். இன்னும் ஒன்று: நீ உண்பதைக் கண்டு மனவலிமை இல்லாத உன் சகோதரன் நிலை தடுமாறுவான் என்றால், அவன் பொருட்டு உன் உரிமையையும் விட்டுக்கொடு. இதே பவுல் ஏதென்ஸ் நகரத்தாரிடம் பேசும்போது, கிரேக்கக் கடவுளைப் பாடிய கிரேக்கப் புலவனின் சொல்லையே எடுத்தாண்டு தம் கருத்தை விளக்கினார். அப்பாட்டை அவர் முன்னரே கற்றிருந்தார் என்பதை மாணவர்கள் மறத்தலாகாது.

கடுமையாகப் பேசியோரும் உண்டு. கி.பி. 200-ஐ ஒட்டிக் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த தெர்த்துலியன், ரோமானியரின் காட்சி அரங்குகளுக்குக் கிறிஸ்தவர் செல்லலாகாது என்று தனி நூலே எழுதினார். அவர் கலையின் பகைவர் என்று அவசரப்பட்டுக் கூறிவிட வேண்டா. அவ்வரங்குகளில் மனிதர் மனிதரை வெட்டி வீழ்த்துவதையும், விலங்குகள் கைதிகளைக் கிழிப்பதையும் மக்கள் கைதட்டிக் கண்டுகளித்தனர். பிறர் துன்பம் எனக்கு இன்பமாகும் இடத்தில் நான் இருக்கலாகாது என்பது அன்றைக்கு மட்டும் உரிய நீதியன்று.

இவற்றையெல்லாம் எண்ணி, என் மாணவர்களுக்கு மூன்று வினாக்களை நான் கூறுவதுண்டு.

முதல் வினா: இது கலையா, வணக்கமா? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் என்னிடம் வந்தான். “ஐயா, ஊர்க் கூத்தில் கர்ணன் வேடம் கட்ட அழைக்கிறார்கள். அப்பா ‘நாம் வேதக்காரர்கள், வேண்டாம்’ என்கிறார். நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்டான். அவன் குரல் வளம் மிக்கவன். அதைச் சொல்லும்போது அக்குரல் நடுங்கிற்று. ஒரு பக்கம் தந்தை. மறுபக்கம் தான் பிறந்ததே இதற்காக என்று அவன் நம்பிய கலை. நான் அவனிடம், “காப்புக் கட்டி நோன்பிருந்து ஆட வேண்டிய கூத்தா, காப்பில்லாமல் ஆடக்கூடிய கூத்தா என்று வாத்தியாரிடம் முதலில் கேள்” என்றேன். காப்பு என்பது கடவுள் முன் செய்யும் உறுதிமொழி. அதை விளையாட்டாகக் கட்டுபவன் தன் சமயத்தை மட்டும் அன்று, அதை உண்மையாகக் கட்டும் அயலானின் சமயத்தையும் அவமதிக்கிறான். கூத்து வாத்தியார் பெருந்தன்மையோடு வழி கூறினார்: கோயில் விழாவில் வேண்டா, பள்ளி விழாவிலும் பொது மேடையிலும் ஆடலாம் என்றார். தந்தையும் இசைந்தார். கொடைக்காக உயிரையே ஈந்த கர்ணனை அன்று அந்த மேடையில் கண்டவர்கள், அவன் எச்சமயத்தான் என்று வினவவில்லை.

இரண்டாம் வினா: எவருடைய இழிவில் நான் மகிழ்கிறேன்? பெண்ணை இழிவாக்கும் பாட்டு, கருநிறத்தையும் உடற்குறையையும் எள்ளும் நகைச்சுவை, ஒரு சாதியை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தும் வசனம், இரத்தத்தை நீராக ஓடவிடும் காட்சி ஆகியவற்றில் கடவுளின் பெயரே வாராதிருக்கலாம். கோயிலும் குறியும் இல்லாமையால் இவை கிறிஸ்தவனுக்குத் தீங்கற்றவை என்று எண்ணுதல் பெரும் பிழை. அறத்தையும் நட்பையும் பாடும் பாரதக் கூத்துக்கு அஞ்சி ஓடும் சிலர், அயலானை இழிவு செய்யும் திரைக்காட்சியைக் குடும்பத்தோடு அமர்ந்து சிரித்துப் பார்க்கின்றனர். வேற்றுப் பெயரைக் கண்டு அஞ்சுகிறோம். வேற்று இயல்பு உள்ளே புகுவதைக் காண்பதில்லை.

மூன்றாம் வினா: இதை நான் ஆள்கிறேனா, இது என்னை ஆள்கிறதா? நடிகரின் உருவப்படத்துக்குப் பாலூற்றும் இளைஞனும், உணவையும் உறக்கத்தையும் மறந்து செல்பேசியில் ஆழ்ந்திருக்கும் இளைஞனும் ஏதோ ஒன்றுக்கு அடிமைப்பட்டவரே. விக்கிரகம் என்ற சொல்லுக்குக் கல்லையும் மரத்தையும் மட்டும் பொருளாகக் கொள்ளும் கிறிஸ்தவன், தன் கையிலுள்ள கண்ணாடியை மறந்துவிடுகிறான். ஒரு கிழமைக்கு அதை விட்டிருக்க இயலுமா என்று சோதித்துப் பார்க்கலாம். விட இயன்றால் அது கருவி. இயலாவிட்டால் அது தலைவன்.

இவற்றோடு கலைஞர் ஆக விரும்பும் இளைஞர்க்கு ஒரு சொல். புகழ் பெற்ற திரைப்பாட்டின் மெட்டை எடுத்து அதன்மேல் பக்திச் சொற்களை ஒட்டிவிடுவது சிலர்க்கு எளிய வழியாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு மெட்டும் தன்னுடன் ஒரு நினைவைச் சுமந்து வருகிறது. பாடுவோர் வாயில் புதிய சொல் இருக்கும். கேட்போர் உள்ளத்தில் பழைய காட்சியே ஓடும். சாஸ்திரியார் குறவஞ்சியின் இலக்கணத்தை முழுதும் கற்றபின் அதனை மாற்றினார். அப்பாவு மக்களிடம் சென்று கற்று அவர்தம் இசையில் பாடினார். கடன் வாங்குவது எளிது, கற்பது அரிது. கற்றவனே படைப்பான்.

இறுதியாகக் கோட்டைக்கு வருகிறேன். செஞ்சியின் மதில்கள் வெல்லற்கு அரியவை என்று பெயர் பெற்றவை. 1690 முதல் 1698 வரை முகலாயப் பெரும்படை முற்றுகையிட்டும், ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அக்கோட்டை தாக்குப் பிடித்தது. அதே கோட்டையை 1750-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுப் படையினர், வாயிலை வெடிவைத்துத் தகர்த்து, ஒரே இரவில் கைப்பற்றினர். மலை அதே மலை. மதில் அதே மதில். காப்பவரின் விழிப்பும் உறுதியுமே வேறுபட்டன.

சமயப் பற்றும் இத்தகையதே. மதில் உயரமாக இருக்கிறது என்ற எண்ணத்தில் உறங்கிவிட்டால் ஓர் இரவு போதும். அஞ்சி வாயில்களையெல்லாம் சுவர் எழுப்பி அடைத்துவிட்டாலோ அது கோட்டையாக இராது, சிறையாகிவிடும், உள்ளிருப்போர்க்கு நீரும் நெல்லும் வாரா. வாயில் வேண்டும், வாயிலில் விழித்திருக்கும் காவலனும் வேண்டும். வருவோரையெல்லாம் பகைவர் என்று எண்ணாமல், வருவோரையெல்லாம் உறவினர் என்றும் எண்ணாமல், முகம் பார்த்து, பெயர் கேட்டு, நல்லதை அன்போடு உள்ளே அழைக்கும் காவலன் அவன். மாணவ நண்பர்களே, அக்காவல் உங்கள் அறிவின் பணி. அதனை வேறொருவர் உங்களுக்காகச் செய்ய இயலாது.